மூன்று தரம் பெண் கேட்ட கதை

என் தம்பி எவாரிஸ்தோ பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணைப் பார்த்துக் காதலித்திருந்தால் நான் இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டியதில்லை. அவன் காதலித்தது கெக்சி மொழி பேசுகிற ஒரு பெண்ணை. பெயர் எல்விரா. கார்ச்சா என்ற ஊருக்கு அப்பால் ஏலக்காய் மலையில் அவள் வீடு. நாங்கள் தொத்தோனிகபான்காரர்கள், கிச்சே பேசுகிறவர்கள். அவன் கெத்சால்தெனாங்கோ நகரத்தில் மின்சார வேலை பார்க்கிறான். அவள் அங்கேயே ஒரு சின்ன மருத்துவமனையில் நர்ஸ். இருவரும் ஸ்பானிஷ் மொழியில் காதலித்தார்கள். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. எங்கள் அம்மாவுக்கு ஸ்பானிஷ், சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் வரும். எல்விராவின் அப்பாவுக்கு அதுகூட வராது என்றார்கள்.

"நீ டீச்சர்தானே. நீ எடுத்துச் சொல்லு," என்றாள் அம்மா.

"எனக்குக் கெக்சி தெரியாதும்மா."

"அவங்களும் மாயாக்காரங்கதானே. பேசப் பேசப் புரியும்."

பள்ளியில் நான் ஆண்டுதோறும் ஒரு பாடம் நடத்துகிறேன். நம் குவாத்தமாலாவின் மலைகள், ஏரிகள், பழைய கோயில் நகரங்கள், இருபத்திரண்டு மாயா மொழிகள் எல்லாம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிடும். கூடவே ஒரு வரைபடம், வண்ண வண்ணத் திட்டுகளாக. அந்தத் திட்டு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு மாமியார் உட்கார்ந்திருப்பாள் என்று அந்தப் பாடத்தில் எங்கும் எழுதவில்லை.

எங்கள் ஊரில் பெண் கேட்கப் போகும்போது மாப்பிள்ளை பேசக் கூடாது. மாப்பிள்ளையின் அம்மாவும் பேசக் கூடாது. அதற்கென்று ஒருவர் இருப்பார், வழி சொல்லிப் பேசுகிறவர். எங்களுக்கு வாய்த்தவர் கஸ்பார் துமாஷ். எழுபத்து நான்கு வயது. வாயைத் திறந்தால் இரண்டு மணி நேரம். சூரியனில் ஆரம்பித்து, மலைகளைக் கும்பிட்டு, மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தா வரை வந்து, பிறகுதான் விஷயத்துக்கு வருவார். அம்மா அவரை மூன்று மாதம் முன்பே சொல்லி வைத்துவிட்டாள்.

வண்டி ஃபெர்மின் மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. பழைய மினி பஸ். தலைநகர் வழியாகப் போனால் பத்து மணி நேரம் ஆகும், ஆனால் தார் ரோடு. அப்படியே போகலாம் என்றேன், மாமா கேட்கவில்லை.

"தலைநகர்ல போய் டிராஃபிக்ல நின்னு சாகணுமா? உஸ்பந்தான் வழியா போனா ஏழு மணி நேரம். மலை ரோடு எனக்கு என் வீட்டு முற்றம் மாதிரி."

"மாமா, இது ஆகஸ்ட் மாசம். மழை கொட்டுது. சிகமான் தாண்டி மண் சரியுற இடம்."

"நீ பிள்ளைங்களுக்குப் பாடம் எடு. வண்டிய நான் ஓட்டுறேன்."

சனிக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பினோம். பின்சீட்டில் நான்கு கூடை ரொட்டி. எங்கள் ஊர் ரொட்டியில்லாமல் பெண் கேட்க முடியாது. பக்கத்தில் துணி சுற்றிய சாக்லேட் கட்டிகள். அதற்கும் பக்கத்தில் கஸ்பார் பெரியவர், மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, பேச்சை மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி. எவாரிஸ்தோ புதுச் சட்டை போட்டிருந்தான். மூன்று தரம் வாந்தி எடுத்தான்.

சகபுலாஸில் காபி குடிக்க நிறுத்தினோம். கடைக்காரியிடம் அம்மா கிச்சேயில் பால் கேட்டாள். அவளுக்குப் பாதி புரிந்தது. உஸ்பந்தானில் பஜ்ஜி மாதிரி எதையோ விற்ற பெண்ணிடம் அதே கிச்சேயில் விலை கேட்டாள். அவள் சொன்னதில் அம்மாவுக்குக் கால்வாசி புரிந்தது.

"என்னடி இது, ரெண்டு மலை தாண்டினதும் வாயைத் திருகி வச்சிருக்காங்க?"

"அவங்க பேசறது வேற பாஷைம்மா."

"வேற பாஷை எல்லாம் இல்ல. சரியாப் பேசக் கத்துக்கல."

சிகமானைத் தாண்டிப் பதினைந்தே நிமிடத்தில் ரோடு இல்லை. ரோடு இருந்த இடத்தில் மலை இறங்கி வந்து உட்கார்ந்திருந்தது. சிவப்பு மண், பாறை, வேரோடு ஒரு பைன் மரம். முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. மாமா இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டு நாள் ஆகும்ங்கறான். இயந்திரம் கோபான்ல இருந்து வரணுமாம்."

தார் ரோடு என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாமலிருந்தது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.

ஜனங்கள் சரிவின் மேலே ஒற்றையடிப் பாதை போட்டு நடந்துகொண்டிருந்தார்கள். மறுபக்கம் பிக்கப் வண்டிகள் ஆளேற்றிக்கொண்டு போயின. நாமும் நடப்போம் என்றான் எவாரிஸ்தோ. அன்று அவன் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். பெண் வீட்டில் பதினோரு மணிக்குக் காத்திருப்பார்கள். தகவல் சொல்லலாம் என்றால் போனில் சிக்னல் இல்லை.

கஸ்பார் பெரியவர் சீட்டை விட்டு அசையவில்லை.

"என் முழங்காலை வச்சுக்கிட்டு இந்தச் சேத்துல ஏற முடியாதும்மா. இதைத் தோண்டட்டும். நான் உட்கார்ந்திருக்கேன்."

"நீங்க வராம யாருய்யா பேசறது?" என்றாள் அம்மா.

"அதான் சொல்றேன். ரோட்டைச் சரி பண்ணட்டும்."

ஆக, மாமாவும் பெரியவரும் வண்டியோடு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். தலையில் ஒரு கூடை, இடுப்பில் ஒரு கூடை என்று நானும் தம்பியும் ஏறினோம். அம்மா சாக்லேட்டைச் சுமந்தாள். பாதி வழியில் அவளுடைய ஒரு செருப்பு சேற்றுக்குள் போய்விட்டது. கையை முழங்கை வரை விட்டுத் தேடினோம், கிடைக்கவில்லை. மறுபக்கம் இறங்கி, பிக்கப்பில் பன்றிக்குட்டிகளோடும் சிமெண்ட் மூட்டைகளோடும் நின்றுகொண்டே போனோம். கோபானில் இறங்கி அம்மாவுக்கு ரப்பர் செருப்பு வாங்கினோம். அங்கிருந்து கார்ச்சா, அப்புறம் மேலே மண் ரோடு. பெண் வீட்டு வாசலில் நின்றபோது மணி மூன்றரை. கழுத்து வரை மண். ரொட்டியில் பாதி நொறுங்கியிருந்தது.

எல்விராவின் அண்ணன் அன்செல்மோ ஓடி வந்தான். அவன் கார்ச்சாவில் கடை வைத்திருக்கிறான், ஸ்பானிஷ் நன்றாகப் பேசுவான். அந்தப் பக்கத்து மொழிபெயர்ப்பு அவன். இந்தப் பக்கம் நான். அம்மா கிச்சேயில் சொன்னால் நான் ஸ்பானிஷில் சொல்ல வேண்டும், அதை அவன் கெக்சியில் சொல்ல வேண்டும். பதில் அதே வழியில் திரும்பி வர வேண்டும். இடையில் தம்பி உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பான்.

உள்ளே பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எல்விராவின் அப்பா கிரிசாந்தோ தியுல். ஒல்லியான மனிதர், விரலெல்லாம் ஏலக்காய் வாசனை. பக்கத்தில் அவர் மனைவி ரொசெந்தா. எல்விரா அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். பேசுகிறவர் எங்கே என்று கேட்டார்கள்.

"மண்ணுக்கு அந்தப் பக்கம்," என்றேன்.

அம்மா என் காதில் சொன்னாள். "நீயே பேசு. வேற வழியில்ல. ஆனா கல்யாணம் ஆகாத பொம்பள பெண் கேட்டுப் பேசின கதையை நம்ம ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லிடாத."

முப்பத்தெட்டு வயதில் அதையும் கேட்டுக்கொண்டு எழுந்து நின்றேன். சூரியனை விட்டேன், மலைகளை விட்டேன், கொள்ளுத்தாத்தாவை விட்டேன். இவன் என் தம்பி, குடிக்க மாட்டான், கைத்தொழில் இருக்கிறது, உங்கள் பெண்ணை விரும்புகிறான், கொடுங்கள் என்றேன். நான்கு நிமிடத்தில் முடிந்தது. அன்செல்மோ அதைப் பத்து நிமிடம் சொன்னான். எங்கிருந்து நீட்டினான் என்று தெரியவில்லை.

கிரிசாந்தோ தரையைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். சின்னதாக. அன்செல்மோ என்னைப் பார்த்தான்.

"முடியாதுங்கறார்."

"என்ன முடியாது?"

"பொண்ணு கொடுக்க முடியாதாம்."

அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அது என் தப்புதான். ஏன், எதற்கு என்று கேட்டுவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் விடிவதற்கு முன் கிளம்பி மண்ணிலும் பன்றிக்குட்டிகளோடும் வந்தவளுக்கு அவ்வளவு நிதானம் எங்கே இருக்கும்?

அம்மா எழுந்தாள். நான்கு கூடைகளில் இரண்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அடுப்படியிலிருந்து எல்விரா அழுகிற சத்தம் கேட்டது. ரொசெந்தா பதறிப்போய் அம்மாவின் மேல்சட்டையைப் பிடித்து இழுத்துக் கெக்சியில் ஏதோ சொன்னாள். அம்மா கிச்சேயில் சொன்னதை நான் மொழிபெயர்க்கவில்லை.

"அக்கா, அக்கா, நில்லுங்க," என்றான் அன்செல்மோ. "முதல் தரம் வந்தா முடியாதுன்னுதான் சொல்லணும். அதான் வழக்கம். உடனே சரின்னா பொண்ணை வீட்டை விட்டு விரட்டுற மாதிரி இல்லையா? ரெண்டாவது தரம் வந்தா யோசிக்கிறோம்னு சொல்லுவார். மூணாவது தரம் சரிம்பார்."

"இதை நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"உங்க ஊர்ல அப்படி இல்லையா?"

எங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்ததாம். இப்போது எல்லோருக்கும் வேலை இருக்கிறது, ஒரே நாளில் முடித்துவிடுகிறோம். எவாரிஸ்தோவைப் பார்த்தேன். அவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எல்விரா அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வருடமாக இவர்கள் ஸ்பானிஷில் என்னதான் பேசிக்கொண்டார்கள்?

"சொன்னா அக்கா," என்றான் அவன். "விளையாட்டுக்குச் சொல்றாள்னு நினைச்சேன்."

அப்போது எனக்குள் ஏதோ அறுந்தது. யார் வார்த்தையையும் சுமக்காமல் என் வார்த்தையாகவே ஸ்பானிஷில் பேசினேன். இன்னும் இரண்டு தரம் வர வேண்டும் என்றால் ரோடு இருக்க வேண்டும் என்றேன். பேசுகிறவர் சேற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்றேன். என் அம்மாவின் செருப்பு ஒன்று உங்கள் மலைக்குள் இருக்கிறது என்றேன். எனக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் இருக்கிறது, நாற்பத்தொரு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன். "வேணும்னா ஒண்ணு பண்ணலாம். இப்ப வாசலுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றோம். அப்புறம் இன்னொரு தரம் போயிட்டு வர்றோம். மூணு ஆச்சு. சரியா?"

எரிச்சலில் சொன்னது. கிண்டலாகச் சொன்னது. அன்செல்மோ அதைக் கிண்டல் இல்லாமல் மொழிபெயர்த்துவிட்டான்.

பெரியவர்கள் தலையைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். கால் மணி நேரம். ரொசெந்தா எதையோ மறுத்தாள். ஒரு கிழவர் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். கடைசியில் கிரிசாந்தோ முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"வாசல் வரைக்கும் போனா போதாதாம்," என்றான் அன்செல்மோ. "நடுவுல ஒரு ராத்திரி தூங்கி எழுந்திருக்கணும். அப்பதான் அது வேற நாள், வேற வருகை. நாளைக்கு ரெண்டாவது, திங்கக்கிழமை மூணாவது. அதுவரைக்கும் என் வீட்டுல தங்கிக்கங்க. ரோடும் இல்லையே."

அம்மா ஒப்புக்கொண்டாள். ஏன் ஒப்புக்கொண்டாள் என்றால் கால் வீங்கியிருந்தது, நடக்க முடியவில்லை. மானம் போனதுக்கு ஒரு கணக்கு தனியாக வைத்திருக்கிறேன் என்று என்னிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்து, சேறு தட்டிய துணியையே உடுத்தி, அன்செல்மோவின் வீட்டிலிருந்து இருநூறு அடி நடந்து போய் இரண்டாவது தரம் பெண் கேட்டோம். முதல் நாள் எங்களைப் பார்த்ததே இல்லை என்பது போல எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். தொத்தோனிகபான் என்றேன். ரோடு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றேன். கிரிசாந்தோ, யோசிக்கிறோம் என்றார்.

அன்று மத்தியானம் வான்கோழிக் குழம்பு. சிவப்பாக, மிளகாயும் புதினாவும் மணக்க, ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு முழுத் துண்டு. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணியா இருக்கு," என்றாள். அவள் என்ன சொன்னாள் என்று ரொசெந்தா கேட்டாள். ரொம்ப நன்றாக இருக்கிறதாம் என்றேன். ரொசெந்தா என் முகத்தைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், நம்பவில்லை. பிறகு எங்கள் ரொட்டியை எடுத்துக் கடித்துப் பார்த்து எதையோ சொன்னாள். தன் அம்மாவுக்கு ரொட்டி ரொம்பப் பிடித்திருக்கிறதாம் என்றான் அன்செல்மோ. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

மொழிபெயர்த்து மொழிபெயர்த்து எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. சாயங்காலம் போய்ப் படுத்துவிட்டேன். இரண்டு அம்மாக்களும் அடுப்படியில் தனியாக மாட்டிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரே கூச்சல். சண்டைதான் என்று எழுந்து ஓடினேன். ஒரு மஞ்சள் நாய் ரொட்டிக் கூடைக்குள் தலையை விட்டிருந்தது. ஒருத்தி துடைப்பத்தோடும் ஒருத்தி கரண்டியோடும் அதைத் துரத்தினார்கள். இருவரும் ஒரே வார்த்தையைக் கத்தினார்கள்.

"ட்ஸி! ட்ஸி!"

கிச்சேயில் நாய்க்கு ட்ஸி. கெக்சியிலும் அதேதான் போல. நாய் ஒரு முழு ரொட்டியைக் கவ்விக்கொண்டு ஏலக்காய்த் தோட்டத்துக்குள் போய்விட்டது. அம்மா துடைப்பத்தைக் கீழே வைக்காமலே ரொசெந்தாவைப் பார்த்தாள். பிறகு மூலையில் இருந்த மக்காச்சோளக் குவியலைக் காட்டி, "இஷிம்?" என்றாள்.

"இஷிம்," என்றாள் ரொசெந்தா.

தொழுவத்துப் பன்றியைக் காட்டினார்கள். அது ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. தண்ணீருக்கு ஒரு எழுத்துதான் வித்தியாசம். அடுப்பில் இருந்ததைக் காட்டினார்கள், ஒத்துப்போகவில்லை, இருவருக்கும் கோபம் வந்தது. நீ சொல்வது தப்பு என்று அவரவர் பாஷையில் அடித்துச் சொன்னார்கள். நான் திரும்பிப் போய்ப் படுத்தேன். அரை மணி நேரம் கழித்தும் அந்தச் சத்தம் ஓயவில்லை. இரண்டு நாள் என் உயிரை எடுத்துவிட்டு, இப்போது நான் இல்லாமலே நடக்கிறது.

திங்கட்கிழமை காலை மூன்றாவது தரம் போனோம். எனக்குச் சுத்தமாகக் குரல் இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சைகையிலேயே கேட்டுவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்போது வெளியே ஹார்ன் சத்தம். ஃபெர்மின் மாமாவின் மினி பஸ். சரிவில் ஒரு நாள் காத்திருந்து பார்த்து, வந்த வழியே திரும்பி, தலைநகர் வழியாகச் சுற்றி வந்திருந்தார். கிளம்பும் முன் நான் சொன்ன அதே வழி. மாமா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும் பேச முடியாத நிலையில் இருந்தேன்.

கஸ்பார் பெரியவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். விஷயம் எங்கே நிற்கிறது என்று அம்மா சொன்னாள்.

"இன்னைக்கு சரின்னு சொல்லப் போறாங்க. நீங்க சும்மா உட்கார்ந்தா போதும்யா."

"நான் இன்னும் பேசவே இல்லையே," என்றார் அவர்.

உள்ளே வந்து நடுவில் நின்று சூரியனில் ஆரம்பித்தார். கிச்சேயில்தான். மொழிபெயர்க்க என்னால் முடியவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மலைகளைப் பெயர் சொல்லிக் கும்பிட்டார். கொள்ளுத்தாத்தா வந்தார். எல்விராவின் உறவுக்காரர்கள் ஒருவருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் யாரும் அசையவில்லை. ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம். எவாரிஸ்தோ உட்கார்ந்தபடியே தூங்கி, எல்விரா கதவிடுக்கிலிருந்து வீசிய ஏலக்காய் நெற்றியில் பட்டு எழுந்தான்.

அவர் முடித்ததும் கிரிசாந்தோ எழுந்தார். அவ்வளவு நேரம் இரண்டிரண்டு வார்த்தையாகப் பேசிய மனிதர், கெக்சியில் ஒரு மணி நேரம் பேசினார். ஒரு இடத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மொழிபெயர்க்கட்டுமா என்று அன்செல்மோ கண்ணால் கேட்டான். கஸ்பார் பெரியவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"நல்லாப் பேசறார்," என்றார் எங்களிடம். "எங்க கத்துக்கிட்டாரோ."

அதன் பிறகு சரி என்றார்கள். சாக்லேட்டைக் கரைத்து ஊற்றினார்கள். எல்விரா வந்து அம்மாவின் காலைத் தொட்டுப் பார்த்து, வீக்கத்துக்குத் தைலம் தடவினாள். "அத்தை, இன்னும் ரெண்டு நாள் நடக்காதீங்க," என்று அவள் ஸ்பானிஷில் சொன்னது எப்படியோ அம்மாவுக்கு மொழிபெயர்ப்பில்லாமல் புரிந்தது. தம்பி என் பக்கம் வந்து உட்கார்ந்தான். ரொம்ப தேங்க்ஸ்கா என்றான். அவன் தலையில் ஒரு குட்டு வைத்தேன். பேச முடிந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

கிளம்பும்போது ரொசெந்தா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னாள். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். சரி, சரி, தாராளமாக என்றாள். வண்டி கார்ச்சாவைத் தாண்டிய பிறகு, 'ரொசெந்தா உன்கிட்ட என்ன கேட்டா?' என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. மாமா படித்துச் சொன்னார்.

"அதுவா," என்றாள் அம்மா. "நல்லா இருங்கன்னு வாழ்த்தியிருப்பா."

என் போனில் அன்செல்மோவின் செய்தி வந்தது. அவர்கள் வழக்கப்படி பெண் வீட்டார் பதிலுக்கு வர வேண்டுமாம். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, நாற்பது பேர், மூன்று நாள் தங்குவார்கள், உங்கள் அம்மா மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டதற்கு நன்றி என்று எழுதியிருந்தான். மாமாவின் தோளைத் தட்டி அதையும் படிக்கச் சொன்னேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி இரண்டு தரம் படித்தார்.

"நாப்பது பேரா," என்றார். "எந்த வழியா வர்றாங்களாம்?"